நாற்பதுக்கு மேல் வேகமா ஓடலாமா? ஒரு 60 வருடக் கதை

2015 செப்டம்பர் 23. ஜப்பானின் கியோட்டோ நகரம். 100 மீட்டர் ஓட்டம். எடுத்துக்கொண்ட நேரம் 42.22 விநாடி.

ஓடியவர் ஹிடெகிச்சி மியாசாகி. முந்தின நாள்தான் அவருக்கு 105 வயது நிறைந்திருந்தது.

ஓடி முடித்ததும் உசேன் போல்ட் மாதிரி வானத்தை நோக்கிக் கையை நீட்டி போஸ் கொடுத்தார். ஆனா நேரத்தைப் பார்த்ததும் மனுஷனுக்கு வருத்தம். இன்னும் வேகமா வந்திருக்கணுமாம்!

இவர் சின்ன வயசிலிருந்தே ஓட்டக்காரர் இல்லைங்க. தொண்ணூறைத் தாண்டிய பிறகுதான் மைதானத்துக்கே வந்தார். அவரோடு உட்கார்ந்து "கோ" என்ற பலகை விளையாட்டு ஆடிய நண்பர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். தனியா விளையாடக்கூடியது எதுன்னு பார்த்து, ஓட ஆரம்பித்தார். 108 வயது வரை வாழ்ந்தார்.

இந்த மாதிரி வீடியோவைப் பார்த்துட்டு நம்மாளுங்க இரண்டு விதமா பேசுவாங்க.

"டாக்டர், எனக்கு 45தானே, நாளைக்கே கிரவுண்டுல இறங்கிடறேன்" என்பது ஒன்று.

"வயசான காலத்துல எதுக்கு இந்த வம்பு, மெதுவா வாக்கிங் போனா போதாதா?" என்பது இன்னொன்று.

வேடிக்கை என்னன்னா, இந்த இரண்டையுமே ஒரு காலத்தில் டாக்டர்களே சொல்லியிருக்கிறோம். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம்தான். நேரம் இருக்கும்போது படிங்க.

முதலில் 1950-களுக்குப் போவோம்.

அன்று மாரடைப்பு வந்தால் முக்கியமான வைத்தியமே படுக்கைதான். வாரக்கணக்கில் அசையாமல் படுத்திருக்கணும். 1952-ல் அமெரிக்காவில் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லௌன் என்ற இரண்டு டாக்டர்கள் நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்ததே பெரிய புரட்சியாகப் பேசப்பட்டது. யோசிச்சுப் பாருங்க, வெறும் நாற்காலி!

1955-ல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைப் பார்க்க வந்த இதய மருத்துவர் பால் டட்லி வைட் தானே சைக்கிள் ஓட்டும் பழக்கம் உள்ளவர். நடமாட்டம் இதயத்துக்கு நல்லது என்று வெளிப்படையாகப் பேசினார். ஐசனோவர் மறுபடி கோல்ஃப் ஆடினார், அடுத்த வருடம் தேர்தலிலும் ஜெயித்தார். மக்கள் மனசிலிருந்த பயம் கொஞ்சம் விலகியது.

ஆனாலும் நடப்பது வேறு, 100 மீட்டர் தெறிக்க ஓடுவது வேறு. முப்பதைத் தொட்டாலே ஓட்டக்காரர் "ரிட்டயர்ட்" என்றுதான் அர்த்தம்.

இதை மாற்றியவர் டாக்டர் இல்லை, ஒரு வக்கீல். சான் டியாகோவைச் சேர்ந்த டேவிட் பெயின். 1966-ல் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு மைல் பந்தயம் நடத்த ஆரம்பித்தார். 1968-ல் அதையே தேசிய அளவிலான மாஸ்டர்ஸ் தடகளப் போட்டியாக ஆக்கினார். 1975-ல் கனடாவின் டொரான்டோவில் முதல் உலக மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. இன்று 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து வருடமாகப் பிரித்துப் போட்டி வைக்கிறார்கள். 62 வயதுக்காரர் 60-64 பிரிவில் ஓடுவார். எதிரில் இருபது வயதுப் பையன் இருக்க மாட்டான்.

இந்த மேடை கிடைத்ததும் யார் யாரெல்லாம் வந்தாங்க தெரியுமா?

பேட்டன் ஜோர்டன்னு ஒருத்தர். இளமையில் அமெரிக்காவின் சிறந்த ஓட்டக்காரர்களில் ஒருவர். ஆனா அவர் உச்சத்தில் இருந்தப்ப இரண்டாம் உலகப் போர். 1940, 1944 ஒலிம்பிக் இரண்டுமே நடக்கலை. வாய்ப்பு போச்சு. அப்புறம் பயிற்சியாளர் ஆனார். 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் தடகள அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரே அவர்தான். டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் மேடையில் கறுப்புக் கையுறை போட்டு முஷ்டியை உயர்த்தினார்களே, அந்த அணி.

பிறகு மாஸ்டர்ஸ் போட்டிகளுக்கு வந்தார். 1997-ல் 80 வயதில் 100 மீட்டரை 14.35 விநாடியில் ஓடினார். எத்தனை முப்பது வயதுக்காரர்களால் இது முடியும்? பக்கத்து கிரவுண்டில் ஒரு முறை முயற்சி செய்து பார்த்தால் தெரியும். (ப்ளீஸ், இப்பவே போகாதீங்க. காரணம் கீழே வருது.)

2016-ல் செயின்ட் கிட்ஸ் நாட்டின் கிம் காலின்ஸ் நாற்பது வயதில் 9.93 விநாடியில் ஓடினார். நாற்பதைத் தொட்ட பிறகு 10 விநாடிக்குள் ஓடிய முதல் ஆள் அவர்.

இப்போ மியாசாகிக்கே திரும்பிப் பாருங்க. 100 வயதில் அவருடைய நேரம் 29.83 விநாடி. 105-ல் 42.22. ஐந்தே வருடத்தில் 12 விநாடி கூடியிருக்கு. அதாவது, வேகம் நாற்பதிலோ ஐம்பதிலோ பொத்துனு விழுந்துடறதில்லை. எண்பது வரை மெதுவாத்தான் இறங்குது, அதுக்கப்புறம்தான் செங்குத்தான பள்ளம்.

ஏன் இறங்குது? இதுக்குக் கறிக்கடைக்குப் போகணும்.

கோழியின் நெஞ்சுக்கறி வெளுப்பா இருக்கும், காலுக்கறி சிவப்பா இருக்கும், கவனிச்சிருப்பீங்க. நாள் முழுக்க நடக்கிற காலுக்கு மெதுவா, சோர்வில்லாம வேலை செய்யும் தசைநார்கள் அதிகம். ஆபத்து வந்தா படபடன்னு ஒரே ஒரு தடவை பறக்கிற நெஞ்சுக்கு வேகத் தசைநார்கள் அதிகம். நம்ம தொடையில் இரண்டு வகையும் கலந்து இருக்கு. வாக்கிங் போறப்ப உழைக்கிறது பெரும்பாலும் மெதுவான வகை. வேக வகை முழுசா எழுந்திருக்கணும்னா ஓடணும், குதிக்கணும், இல்லை கனமானதைத் தூக்கணும்.

1988-ல் ஸ்வீடனில் யான் லெக்ஸலும் அவருடைய சகாக்களும் ஒரு வேலை செய்தார்கள். 15 முதல் 83 வயது வரை, ஆரோக்கியமாக இருந்து இறந்துபோன 43 ஆண்களின் தொடைத் தசையை முழுசாக எடுத்து ஆராய்ந்தார்கள். 20 வயதிலிருந்து 80 வயதுக்குள் அந்தத் தசையின் பருமனில் சுமார் 40 சதவீதம் காணாமல் போகிறது. தசைநார்களின் எண்ணிக்கையும் குறைகிறது. மிச்சம் இருப்பதில் வேக வகைதான் அதிகமாகச் சுருங்குகிறது.

அப்போ ஓடிக்கிட்டே இருக்கிறவங்களுக்கு?

2000-ல் ஃபின்லாந்தின் யுவாஸ்குலா நகரில் ஐரோப்பிய மூத்தோர் தடகளப் போட்டி நடந்தது. மார்கோ கோர்ஹோனன் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, 100 மீட்டர் இறுதிப் போட்டிகளில் ஓடிய 35 முதல் 88 வயது வரையான ஆண் பெண்களைப் படம்பிடித்து அலசியது. பத்து வருடத்துக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம்தான் வேகம் குறைந்திருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. விநாடிக்கு எத்தனை அடி வைக்கிறார்கள் என்பது எண்பது வயது வரை பெரிசா மாறவில்லை. ஒவ்வொரு அடியின் நீளம் குறைகிறது, பாதம் தரையில் இருக்கும் நேரம் கூடுகிறது. தரையை உந்தித் தள்ளும் பலம்தான் போகிறது.

அதே நாட்டில் அடுத்த கட்டமாக 52 முதல் 78 வயது வரையான ஓட்டக்காரர்களுக்கு 20 வாரம் எடை தூக்கும் பயிற்சியும் வேக ஓட்டமும் சேர்த்துக் கொடுத்தார்கள். பலம் கூடியது, ஓட்டமும் வேகமானது. வருஷக்கணக்கா வெறும் ஓட்டப் பயிற்சி எடுத்தவர்களுக்கே எடை தூக்குவதால் பலன் இருந்தது, கவனிங்க.

"நான் என்ன மெடலா வாங்கப் போறேன் டாக்டர்?" என்று கேட்கலாம்.

வேகத் தசை மெடலுக்கு மட்டும் இல்லைங்க. பாத்ரூமில் கால் வழுக்கும்போது அரை விநாடிக்குள் இன்னொரு காலை ஊன்றி உடம்பைத் தாங்குவது அதே தசைதான். அரசு மருத்துவமனை எலும்பு முறிவு வார்டில் இடுப்பெலும்பு உடைந்து படுத்திருக்கும் பாட்டிகள்கிட்ட எப்படி விழுந்தீங்கன்னு கேட்டுப் பாருங்க. "வழுக்குச்சுப்பா, சுதாரிக்கிறதுக்குள்ள விழுந்துட்டேன்" என்பார்கள். அந்தச் சுதாரிப்புதான் நாம் இழப்பது.

சரி, ஓடுவது நல்லது. இங்கேதான் கதை மறுபக்கம் திரும்புது.

1970-களில் அமெரிக்கா முழுக்க ஓட்டப் பைத்தியம். பயந்துகொண்டிருந்த டாக்டர்களில் சிலர் இப்போது ஒரேயடியாக எதிர்க்கரைக்குத் தாவிவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் தாமஸ் பாஸ்லர் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், மராத்தான் ஓடி முடிக்கிற, புகை பிடிக்காத ஆளுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பால் மரணமே வராது என்று சொன்னார். தடுப்பூசி போட்ட மாதிரியாம்!

தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸும் சகாக்களும் 1979-ல் இதற்குப் பதில் கொடுத்தார்கள். மராத்தான் ஓடியவர்களின் பிரேதப் பரிசோதனையில் அடைப்பு இருந்ததை ஆதாரத்தோடு வெளியிட்டார்கள். மருத்துவ உலகத்துக்கு அது போதும். பொதுமக்களுக்கு உறைத்தது 1984-ல்தான்.

ஜிம் ஃபிக்ஸ். பத்திரிகையாளர். 35 வயதில் 97 கிலோ எடை, தினமும் இரண்டு பாக்கெட் சிகரெட். அப்போதுதான் ஓட ஆரம்பித்தார். சிகரெட்டை விட்டார், 27 கிலோ குறைத்தார். 1977-ல் ஓட்டத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது.

1984 ஜூலை 20, வெர்மான்ட் மாநிலத்தில் தினசரி ஓட்டத்தின்போது விழுந்து இறந்தார். வயது 52. பிரேதப் பரிசோதனையில் ஒரு ரத்தக்குழாய் 95 சதவீதம், இன்னொன்று 85, மூன்றாவது 70 சதவீதம் அடைத்திருந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஓட்டம் இல்லை, அவருடைய அப்பா. அப்பாவுக்கு முதல் மாரடைப்பு 35 வயதில். மரணம் 43 வயதில். இது ஃபிக்ஸுக்கு நன்றாகவே தெரியும். இறப்பதற்கு முந்தின டிசம்பரில் டல்லஸில் கென்னத் கூப்பரின் மருத்துவமனைக்குப் போயிருந்தார். "ஏரோபிக்ஸ்" என்ற சொல்லை ஊரெல்லாம் பரப்பிய அதே கூப்பர். ட்ரெட்மில் பரிசோதனை செய்துக்கோங்க என்று அங்கே சொன்னார்கள். ஃபிக்ஸ் மறுத்துவிட்டார்.

"பாத்தியா, ஓடினதால செத்தான்" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. "ஓடினதாலதான் அப்பாவைவிட ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தார்" என்று இன்னொரு கூட்டம் பதில் சொன்னது. எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுது. ஆனா அந்த வாதத்தில் ஒரு விஷயம் மறைந்துபோச்சு. பத்து நிமிஷ டெஸ்ட்டில் கண்டுபிடிக்க நல்ல வாய்ப்பு இருந்த நோய் அது. நல்லா ஓடுறோம் என்ற தைரியம்தான் அவரை அந்த டெஸ்ட் மெஷின்கிட்ட போகவிடலை.

இது நமக்கு ரொம்ப முக்கியம். ஏன்னா, 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்றவர்களுக்கு 58.8. ஃபிக்ஸ் செத்த வயதும் நம்ம சராசரியும் கிட்டத்தட்ட ஒன்று.

இப்போ வேக ஓட்டத்துக்கே உரிய ஆபத்துக்கு வருவோம்.

1973-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜேம்ஸ் பர்னார்டும் குழுவும் எந்த நோய் அறிகுறியும் இல்லாத 44 ஆண்களை, வார்ம்-அப் எதுவும் இல்லாமல் ட்ரெட்மில்லில் 10-15 விநாடி திடீரென வேகமாக ஓடவிட்டார்கள். சுமார் 70 சதவீதம் பேருக்கு இசிஜியில் மாற்றம் தெரிந்தது. அதே ஆட்கள் இரண்டு நிமிஷம் மெதுவாக ஓடிவிட்டு அப்புறம் வேகமெடுத்தபோது பெரும்பாலானவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை, அல்லது குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் பாதிப்பு இவ்வளவு தூரம் தெரியவில்லை என்பதையும் சொல்லிடறேன். ஆனா உடம்பு சூடாகாம பாயாதே என்ற பாடம் இன்றும் நிற்குது.

அதைவிடப் பெரிய எண் 1993-ல் வந்தது. முர்ரே மிட்டில்மேன் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, மாரடைப்பு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் "வலி வருவதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டது. கடும் உழைப்புக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, வாரத்துக்கு ஒரு முறைகூடக் கடும் உழைப்பு இல்லாதவர்களுக்கு 107 மடங்கு கூடியது. வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ செய்பவர்களுக்கு 2.4 மடங்குதான்.

பயந்துடாதீங்க. எந்த ஒரு மணி நேரத்தை எடுத்தாலும் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிக மிகச் சின்னது. அதன் மடங்குகள் இவை. ஆனா 107-க்கும் 2.4-க்கும் இருக்கிற இடைவெளியைப் பாருங்க.

ஸ்கூல் ஆண்டு விழாவில் "பெற்றோர்களுக்கான ஓட்டப் பந்தயம்"னு மைக்கில் கூப்பிடுவாங்க. பத்து வருஷமா நாற்காலியை விட்டு எழாத 46 வயது அப்பா, பிள்ளை பார்க்குதேன்னு பேன்ட்டை மடிச்சு விட்டுட்டு ஓடுவார். பொங்கல் விளையாட்டுப் போட்டியிலும் இதே கதைதான். அந்த 107 இவருக்கான எண். வருஷம் முழுக்க பயிற்சி செய்கிற 70 வயதுக்காரருக்கு இல்லை.

சரி, உடம்பைக் கண்காணிப்பது எப்படி? இதற்கும் ஒரு குட்டி வரலாறு இருக்கு.

ஓடுபவரின் இதயத்தைப் பதிவு செய்ய முதலில் முயன்றவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் நார்மன் ஹோல்டர். 1940-களின் கடைசியில் அவர் செய்த கருவியின் எடை சுமார் 38 கிலோ. அதை முதுகில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதிக்க வேண்டும்! இன்று நாம் எழுதிக் கொடுக்கும் "ஹோல்டர் டெஸ்ட்" அவர் பெயரில்தான். 1963-ல் ராபர்ட் ப்ரூஸ், மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை வேகமும் சரிவும் கூடுகிற ட்ரெட்மில் முறையை வெளியிட்டார். நீங்கள் டிஎம்டி எடுத்திருந்தால் பெரும்பாலும் அதில்தான் நடந்திருப்பீர்கள். 1980-களின் தொடக்கத்தில் ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் ஒயர் இல்லாமல் மார்புப் பட்டையிலிருந்து கைக்கடிகாரத்துக்கு நாடித் துடிப்பை அனுப்பியது. அதன் பேரன்தான் இன்று உங்கள் கையில் இருக்கும் ஸ்மார்ட் வாட்ச்.

அந்த வாட்ச் காட்டும் "அதிகபட்சத் துடிப்பு" பல நேரம் 220-லிருந்து வயதைக் கழித்த கணக்கு. 1970 வாக்கில் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் என்ற இருவர் கையிலிருந்த தரவுகளை வைத்துப் போட்ட தோராயக் கோடு அது. தனிமனிதனுக்கு அளந்து தைத்த சட்டை இல்லை. 2001-ல் வந்த தனாகா கணக்கு 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்லுது. 60 வயதுக்காரருக்கு முதல் கணக்கில் 160, இரண்டாவதில் 166. இரண்டுமே உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு தவறலாம். அட்டினலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரண்டுமே பொருந்தாது.

வேக ஓட்டத்தில் இன்னொரு சிக்கல். 15 விநாடி ஓட்டம் முடிஞ்ச பிறகுதான் துடிப்பு உச்சத்துக்கே போகும். ஓடும்போது வாட்சைப் பார்த்து ஒண்ணும் புரியாது.

காலையில் எழுந்ததும், காபிக்கு முன்னாடி, நாடியை எண்ணி ஒரு டைரியில் எழுதுங்க. வழக்கமா 64 இருக்கிறது இரண்டு மூன்று நாளா 74-ன்னு வந்தா, உடம்பு இன்னும் தேறலை, இல்லை காய்ச்சல் வரப்போகுது. அன்றைக்கு ஓட்டம் வேண்டாம். அதேபோல உழைப்பை நிறுத்தி ஒரு நிமிஷத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குதுன்னும் பாருங்க. 1999-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், ட்ரெட்மில் டெஸ்ட் முடிந்து முதல் நிமிஷத்தில் 12 அல்லது அதற்குக் குறைவாக இறங்கியவர்களுக்குப் பின்னாளில் மரணம் அதிகமாக இருந்தது. வீட்டில் எண்ணுவது நோயைக் கண்டுபிடிக்க இல்லை. போன மாசத்தைவிட நான் எப்படி இருக்கேன்னு தெரிஞ்சுக்க.

ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பிபி, சர்க்கரை, கொழுப்பு, ஒரு இசிஜி கட்டாயம். பிபியும் சர்க்கரையும் பார்க்க உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் போதும், காசு கிடையாது. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு, சர்க்கரை நோய், சிகரெட், ஓடும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், இதில் எது இருந்தாலும் இதய மருத்துவரைப் பார்த்து டிஎம்டி, எக்கோ தேவையான்னு கேளுங்க. டிஎம்டி நார்மல்னு வந்தா ஆயுள் உத்தரவாதம் இல்லை. சின்ன அடைப்பு அதில் தெரியாமல் போகலாம். அதனால் டெஸ்ட் நார்மலா இருந்தும் ஓடும்போது நெஞ்சு இறுகினா, நம்ப வேண்டியது நெஞ்சைத்தான், பேப்பரை இல்லை.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியா இரண்டு வார்த்தை. விழித்திரையில் ரத்தக்கசிவு இருக்கான்னு பார்க்காமல் வேக ஓட்டமோ கனமான எடையோ வேண்டாம். வெறுங்காலில் ஓடவே கூடாது. ஓடி முடிச்ச உடனே சர்க்கரை கொஞ்சம் ஏறிக் காட்டலாம், அட்ரினலின் வேலை அது. சில மணி நேரம் கழிச்சு இறங்கும். இன்சுலின் போடுறவங்க அந்த இறக்கத்துக்குத்தான் ஜாக்கிரதையா இருக்கணும்.

பயிற்சியைப் பொறுத்தவரை முதல் இரண்டு மாசம் முழு வேகமே வேண்டாம். வேக நடை, மெது ஓட்டம், உட்கார்ந்து எழும் பயிற்சி. அப்புறம் 40-50 மீட்டர், முக்கால் வேகத்தில் நாலு தடவை, வாரத்துக்கு இரண்டே நாள். நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. தொடைப் பின்தசையும் குதிகால் நரம்பும் அறுபது வயதில் அறுந்தா, இருபது வயதுல மாதிரி ஆறாது.

பஞ்சாபின் மன் கௌர் அம்மா 93 வயதில் மகன் சொல்லி ஓட ஆரம்பிச்சாங்க. 2017-ல் ஆக்லாந்தில் 101 வயதில் 100 மீட்டரை 74 விநாடியில் ஓடி முடிச்சாங்க. அந்தப் பிரிவில் வேற யாரும் இல்லை! அவங்களும் முதல் நாளே 100 மீட்டர் போட்டிக்குப் போகலை.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம், இது நிறைய பேருக்குத் தெரியாது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குப் போறதா இருந்தா, அதுக்கு முந்தின மூணு நாலு நாள் வேக ஓட்டமும் எடைப் பயிற்சியும் வேண்டாம். கடும் பயிற்சிக்குப் பிறகு தசையிலிருந்து சிபிகே, எஸ்ஜிஓடி எல்லாம் ரத்தத்தில் கலக்கும், கிரியேட்டினினும் கொஞ்சம் ஏறலாம். ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு கல்லீரல் போச்சு, கிட்னி போச்சுன்னு கூகுளில் தேடி, அரண்டு போய் ஓபிக்கு வருவாங்க. அப்படியே ரத்தம் கொடுத்துட்டீங்கன்னா, டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா "சார், முந்தாநாள் ஓடினேன்"னு சொல்லிடுங்க. ஒரு வாரம் ஓய்வெடுத்துட்டு மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்வோம். பெரும்பாலும் இறங்கியிருக்கும். இறங்கலைன்னா, அப்போ தேடுவோம் காரணத்தை.